சுண்ணப் பாறையில் ஒரு பகல் தூக்கம்

வாப்பா இரண்டாம் தரம் கலியாணம் முடித்துச் சில மாதங்கள் போயிருந்தன. அந்தத் தை மாதக் கடைசியில்தான் நாங்கள் குடும்பமாக முசலிக் கரைக்கு நடக்கப் போனோம்.

நடப்பதற்கென்று ஒரு பயணம் போவது எங்கள் வீட்டுக்குப் புதிது. மன்னார்த் தீவில் எங்கள் தாராபுரத்தில் ஆட்கள் கடைக்கு நடப்பார்கள், பள்ளிக்கு நடப்பார்கள், டொக்டர் சொன்னால் விடியற்காலையில் றோட்டோரமாகக் கைவீசி நடப்பார்கள். பாறை பார்க்க வான் எடுத்துக்கொண்டு போய், நடந்துவிட்டுத் திரும்பி வருவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவருக்குச் சிலாவத்துறைப் பக்கம் வீடு. தங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து, வருகிற ஆட்களைக் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளுக்குள்ளால் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம், சோளகக் காற்றுத் தொடங்க முன்னம் போனால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் என்றார்.

வாப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கல்லுப் பாக்கவா வான் எடுத்துப் போறீங்க?"

"நீங்களும்தான் வாப்பா. சாச்சியும்."

சாச்சி என்றது, சின்னம்மா முறைக்கு, அவருடைய புது மனைவியை. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். உம்மா மௌத்தான பிறகும் வாப்பா என்னோடு, என் பெயருக்கு எழுதிய வீட்டில்தான் இருந்தார். ஆகவே அவர் முடித்துக் கூட்டிவந்த பெண்ணும் என் வீட்டுக்கே வந்தார். புத்தளத்தில் வளர்ந்தவர். தங்கைமாரைக் கட்டிக் கொடுத்து, பாயில் விழுந்த தகப்பனைக் கடைசி வரைக்கும் பார்த்து முடித்தபோது அவருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. அவருக்கு இதுதான் முதல் கலியாணம். நான் அவரைச் சாச்சி என்றேன். என்னைப் பார்த்து என் ஏழு வயது மகளும் சாச்சி என்றாள். யாரும் திருத்தவில்லை.

எங்களுக்குள் சண்டை இல்லை. ஒருநாள் சண்டை பிடித்திருந்தால்கூட நல்லது என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் மரியாதையாக இருந்தோம். "நீங்க சாப்பிடுங்க மகள்" என்பார் அவர். "நீங்க முதல்ல சாப்பிடுங்க சாச்சி" என்பேன் நான். சோறு ஆறிப்போகும். நெடுந்தூர பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் முழங்கை முட்டாமல் பார்த்துக்கொள்வார்களே, அப்படி.

என் கணவர் சிநேகிதர் ஒருவரின் வானைக் கேட்டு எடுத்து வந்தார். சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பனிப்புகார் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் வெள்ளையாக்கி வைத்திருந்தது. றோட்டின் நடுவே நின்ற கழுதைகள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய்க் கிளம்பி வந்து, வானுக்கு வழி விட்டு, திரும்ப வெள்ளைக்குள் போயின. நானாட்டான் வயல்களில் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. சாச்சி யன்னலோரம் இருந்தார். கண்ணாடியில் நெற்றி முட்ட முட்ட வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஏதாவது கேட்பாரா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

எங்களைக் கூட்டிப் போகவேண்டிய பெண் ஒரு உடைமரத்தடியில் நின்றார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் மடித்த குடை. கணவர் தொழிலுக்குக் கடலில் போயிருப்பதாகச் சொன்னார்.

"வாங்கோ, வாங்கோ. அவசரமே இல்ல. இது ஆறுதலா நடக்கிற இடம்" என்றார். பிறகு மகளிடம் குனிந்து, "நீங்கள்தான் முன்னுக்கு வரவேணும். எனக்குத் தனிய நடக்கப் பயம்" என்றார். மகள் உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு முட்பற்றை, இடையிடையே ஈச்சை. மண் மருதாணி அரைத்த நிறத்தில் கால்களில் ஒட்டியது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. பிறகு செம்மண் ஓரிடத்தில் சுட்ட பாணின் கருகிய மேல்தோல் மாதிரி முடிந்துபோக, அதன் கீழே வெள்ளை தொடங்கியது. கரை இடிந்து இறங்கும் இடத்தால் நாங்களும் இறங்கினோம். பத்துப் பன்னிரண்டு அடிதான். கீழே வந்து திரும்பிப் பார்த்தால் நாங்கள் வேறொரு ஊரில் நின்றோம்.

சுவர்கள் மாதிரிப் பாறைகள். சில இடத்தில் என் தோள் உயரம், சில இடத்தில் இரண்டு ஆள் உயரம். கடல் தின்று தின்று அவற்றுக்கிடையே ஒழுங்கைகள் விட்டிருந்தது. ஒரு ஒழுங்கை வளைந்து இன்னொன்றுக்குள் போனது. சுவர் முழுக்கத் துளைகள், குழிகள், உள்ளே போய் எங்கோ வெளியே வரும் குடைவுகள். புகார் இன்னும் கலையாததால் வெயிலுக்கு நிறமில்லை. பாறையிலிருந்தே வெளிச்சம் வருவதுபோல் இருந்தது. எங்கள் குரல்கள் தாமாகவே தாழ்ந்தன.

வாப்பா மன்னார்க் கடைத்தெருவில் நெடுங்காலம் புடைவைக் கடை வைத்திருந்தவர். அவர் போய் ஒரு பாறையின் விளிம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, துணியின் தரம் பார்ப்பதுபோல் உரசிப் பார்த்தார்.

"இது நல்லா ஓடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சாச்சியும் சிரித்தார், ஆனால் முக்காட்டுத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

மகள் சுவரில் பதிந்திருந்த சிப்பிகளைக் கண்டுபிடித்தாள். கல்லுக்குள் கல்லாகவே முழுச் சிப்பிகள், அரைச் சிப்பிகள், விசிறிக் கோடுகள்.

"இத யார் ஒட்டினது?"

"ஒருத்தரும் ஒட்டேல்லயம்மா" என்றார் அந்தப் பெண். "இதெல்லாம் முந்தி கடலுக்கடியில கிடந்த சேறாம். சிப்பியள் அதுக்குள்ள விழுந்து விழுந்து, எல்லாம் இறுகிக் கல்லாப் போச்சுதாம். எங்களுக்குச் சொல்லித் தந்தவை அப்பிடித்தான் சொன்னவை. நான் பாக்கேல்ல."

பாறைகளுக்குப் பெயர் இருக்கிறதா என்று என் கணவர் கேட்டார்.

"பேர் ஒண்டுமில்ல. வாறவை வைக்கிற பேரைத்தான் நான் அடுத்து வாறவைக்குச் சொல்லுறனான். இது அலுமாரி. அங்கால தெரியிறது பாண். இந்தச் சாய்ஞ்சு நிக்கிறது கலியாண வீட்டில சாப்பிட்டிட்டு வாற மனுசன்."

மகள் ஒரு தொந்திப் பாறையின் முன் நெடுநேரம் நின்று, "இது எங்கட ரியூஷன் சேர்" என்றாள். அந்தப் பெண் மிகவும் கவனமாக, "ரியூஷன் சேர்" என்று திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டார். இப்போதும் யாருக்காவது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒழுங்கைகள் முடிந்து கடற்கரை திறக்கும் இடத்தில் சாச்சியின் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு வருகிறேன் என்றார். ஆனால் முன்னால் இருந்த பாறை முழுக்கக் கூர் கூராக இருந்தது. வழி காட்டும் பெண் அதைப் பார்த்துவிட்டு ஒரு குடைவைக் காட்டினார். கடலைப் பார்த்த சின்ன அறை மாதிரி இருந்தது. கூரையும் இருந்தது, உள்ளே திட்டுப்போல் அமர ஒரு படியும் இருந்தது.

"நீங்கள் ரெண்டு பேரும் இதில நிழலுக்க இருங்கோ. நாங்கள் முனை வரைக்கும் போய் நண்டுக்குழியளைப் பாத்திட்டு, திரும்பி இதாலதான் வருவம். அப்ப செருப்புக்கும் ஏதாவது செய்வம்."

எனக்கு முனையைப் பார்க்க ஆசை. சாச்சியைத் தனியே விடவும் மனமில்லை. "நீங்க போங்க மகள், நான் இருப்பன்" என்று அவர் சொன்னதே என்னை இருக்க வைத்தது. மற்ற மூவரும் அந்தப் பெண்ணோடு போனார்கள். மகளின் குரல் கொஞ்ச நேரம் பாறைகளில் பட்டுப் பட்டு வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சுடுதண்ணிப் போத்தலில் இருந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். "நீங்க குடிங்க" என்றார். "உங்களுக்குத்தான்" என்றேன். குடித்தார். கடல் சத்தம் அங்கே நேராக வரவில்லை. பாறையின் துளைகளுக்குள் புகுந்து, எங்கோ பின்னால் சுற்றி, எங்கள் முதுகுப் பக்கத்தால் வந்தது. பெரிய பிராணி ஒன்று உள்ளே படுத்து மூச்சு விடுவதுபோல். கூரையில் தண்ணீரின் வெளிச்சம் வலைபோல் விரிந்தும் சுருங்கியும் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையை வாங்கலாம் என்று திரும்பியபோது அது அவர் மடியில் சரிந்து கிடந்தது.

அவர் உறங்கிப்போயிருந்தார். முதலில் தலை பாறையில் சாய்ந்திருந்தது. பிறகு மெதுவாக வழுக்கி என் தோளில் வந்து நின்றது. நான் அசையவில்லை.

இவ்வளவு கிட்டத்தில் அவரை நான் பார்த்ததில்லை. புருவத்தில் ஒரு நரை. கன்னத்தில் அம்மைத் தழும்பு இரண்டு. வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும் அவர் கைகள், மடியில் உள்ளங்கை மேலே பார்க்க விழுந்து கிடந்தன. அவருடைய பாரம் முழுவதும் என் மேல் இருந்தது. பாதிப் பாரத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு பெரியவர்கள் சாய்வார்களே, அப்படியில்லை. பிள்ளைகள் உறங்குவதுபோல், முழுப் பாரமும்.

எனக்கும் கண் செருகியது. உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எங்கள் குசினி தெரிந்தது. அதன் சுவர்கள் வெள்ளைப் பாறையாக இருந்தன. துளைகளுக்குள்ளால் வெளிச்சம் விழுந்தது. உம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். சாச்சி பக்கத்தில் நின்று மற்றப் பாதியை நீட்டினார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். தேங்காய்ப் பூ தாச்சியில் விழுந்துகொண்டே இருந்தது, நிறையவேயில்லை. உம்மா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. வேலை மும்முரம். அதில் எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. அவர் அங்கே இருக்கிறார், கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அது போதும்போல் இருந்தது.

கண் விழித்தபோது புகார் கலைந்து கடல் நீலமாகியிருந்தது. என் கை மரத்துப்போயிருந்தது. முன்னால் மணலில் வாப்பா நின்றார்.

எப்போது வந்தாரோ தெரியாது. அவருக்குப் பின்னால் என் கணவரும் அந்தப் பெண்ணும். மகள் கையில் ஒரு சங்கை வைத்துக்கொண்டு கத்த வாய் திறந்தாள். வாப்பா அவள் தலையில் கை வைத்தார். அவள் வாயை மூடினாள். வாப்பா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாரத்தை ஒதுக்கி, அப்படியே மணலில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் குடையை விரித்து மகளுக்கும் தனக்குமாகப் பிடித்துக்கொண்டார். ஐந்து பேர் சும்மா இருந்து ஒருவர் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

கடைசியில் அந்தப் பெண்தான் தாழ்ந்த குரலில் சொன்னார். "அக்கா, தண்ணி கொஞ்சம் ஏறுற நேரம். பயமில்ல. ஆனா கால் நனையும்."

எழுப்ப எனக்கு மனமில்லை. சின்ன அலையொன்று ஒழுங்கைக்குள் நுழைந்து, நுரையோடு குடைவு வரைக்கும் வந்து, சாச்சியின் வெறுங்காலை நனைத்துவிட்டுப் போனது. அவர் கண்ணைத் திறக்காமலே, "மழையா?" என்றார்.

"இல்ல சாச்சி. கடல்."

கண் திறந்து என்னைப் பார்த்தார். பாதி உறக்கம் இன்னும் முகத்தில் இருந்தது.

"நீ உறங்கல்லயா புள்ள?" என்றார்.

அதுவரை என்னை ஒருநாளும் அவர் நீ என்றதில்லை. சொன்னது அவருக்கே தெரியாது. அடுத்த கணம் மணலில் இருந்த எல்லோரையும் கண்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். வாப்பா, "மெல்ல, மெல்ல. ஒருத்தருக்கும் அவசரமில்ல" என்றார்.

என் கணவர் அறுந்த வாரை நைலோன் நூலால் கட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் இடுப்பில் எப்போதும் ஒரு துண்டு வலைநூல் வைத்திருப்பாராம். திரும்பும் வழி கடலோரமாக இருந்தது. மற்றவர்கள் முன்னே போக, நாங்கள் பின்தங்கி நடந்தோம்.

"நல்லா உறங்கிட்டன்" என்றார் சாச்சி. "எத்தன நாளைக்குப் பிறகு."

"வீட்டுல உறக்கம் வாறல்லயா?"

ஈர மணலில் அவருடைய ஒரு செருப்பின் அடையாளம் நேராகவும், கட்டிய செருப்பின் அடையாளம் சற்றுச் சரிந்தும் விழுந்தன.

"கோபிக்க மாட்டியே?"

"சொல்லுங்க சாச்சி."

"அது உங்கட உம்மா படுத்த கட்டில். வாப்பா ஒண்டும் நினைச்சுச் செய்யல்ல, எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பக்கம் மெத்தையில ஒரு பள்ளம் இருக்கு மகள். ஒரு ஆள் கனகாலம் படுத்த பள்ளம். நான் அதுக்குள்ள விழாம ஓரத்துல படுக்கிறன். விழுந்தா அவங்களத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். விளிம்பப் புடிச்சிட்டுக் கிடக்கக் கிடக்க விடிஞ்சிடும்."

எனக்கு அந்தப் பள்ளம் தெரியும். உம்மாவின் கடைசிக் காலத்தில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க என் கையை அதற்குள்தான் நுழைப்பேன். மௌத்துக்குப் பிறகு அந்த மெத்தைக்கு எத்தனையோ தடவை புது விரிப்புப் போட்டிருக்கிறேன். ஒரு தடவையும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்ததில்லை.

"கட்டில மாத்துவம்" என்றேன்.

"ஐயோ, வாப்பாட்ட ஒண்டும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்லுவன் சாச்சி. நீங்க பேசாம இருங்க."

அவர் பேசாமல்தான் இருந்தார். ஆனால் என் மரத்துப்போன கையை எடுத்து, கேட்காமலே, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் உருவிவிட்டுக்கொண்டு வந்தார்.

இறங்கிய இடத்தில் அந்தப் பெண்ணிடம் விடைபெற்றோம். அடுத்த தரம் வரும்போது முனைக்கு அங்காலும் கூட்டிப் போவதாகச் சொன்னார். உடைமரத்தின் கீழ்ப் பாய் விரித்து இடியப்பமும் சம்பலும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். சாச்சி தனக்கும் எல்லோரோடும் சேர்த்துப் பரிமாறிக்கொண்டார். அவர் முள் எடுத்துக் கொடுத்த மீனை மகள் அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றாள். திரும்பி வரும்போது வானில் எல்லோரும் உறங்கினார்கள், ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரைத் தவிர. நானும்தான்.

மறுநாள் காலை வாப்பாவிடம் சொன்னேன். பள்ளத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் எழும்பி அறைக்குள் போனார். கட்டிலருகே நின்று மெத்தையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நெடுநேரம் நின்றார். நான் வாசலிலேயே நின்றேன்.

"எனக்குத் தோணாமப் போச்சே மகள்" என்றார் வாப்பா. பிறகு, "ஓம். செய்வம்" என்றார்.

புதுக் கட்டில் அறை வாசலுக்குள் நுழைய மறுத்தது. என் கணவரும் தச்சரும் கதவைக் கழற்றி, நிலையைத் தேய்த்து, கட்டிலைச் சரித்து, புரட்டி, திரும்பச் சரித்தார்கள். வாப்பா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் எதிரெதிரான யோசனைகள் சொன்னார். சாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முக்காட்டுத் தலைப்பு வாயில் இல்லை. அவருக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

உம்மாவின் கட்டில் மகளின் அறைக்குப் போனது. அவளுக்கு அது இரண்டு பங்கு பெரிது. குறுக்கே படுத்தாள். மெத்தையை எறிய எனக்கு மனம் வரவில்லை. சாச்சிதான் சொன்னார், பிரித்துப் பஞ்சைக் காய வைத்துத் தலையணைகளாகத் தைப்போம் என்று. பின்னேரம் நாங்கள் இருவரும் முற்றத்தில் பாய் விரித்து மெத்தையின் தையலைப் பிரித்தோம். ஒரு மூலையிலிருந்து அவர், மறு மூலையிலிருந்து நான். பழைய இலவம் பஞ்சு, வெயில் பட்டதும் உப்பத் தொடங்கியது. காற்று கொஞ்சமாக வந்தது. பஞ்சு எழும்பி முற்றம் முழுக்க மெதுவாக அலைந்தது. வேலியில், வாளித் தண்ணீரில், வாப்பா இருந்த கதிரையில், அவருடைய தொப்பியில் இறங்கியது. மகள் அதற்குள் விழுந்து எழும்பித் தும்மினாள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிரித்துக்கொண்டே இருந்தோம்.

மீன்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"என்ன ராத்தா, வீட்டோட எல்லாரும் நரைச்சுப் போனீங்க?"

சாச்சி தலையைத் தட்டிக்கொண்டு எழும்பி, என்ன மீன் என்று பார்க்கப் போனார்.